வாய் திறக்காத வீரனுக்கு ஒரு வசனம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா: இது திருட்டுக் கதை. டோக்கியோவின் நெரிமா பகுதியில் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில், காசு போட்டால் துணி துவைத்துக் காயவைத்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை என் போர்வை மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையெல்லாம் கறுப்பு மை.

"அவனுக்கு வாயே கிடையாதுன்னா, அவனை வச்சு நான் எப்படி இருபது பக்கம் ஓட்டுறது?"

என் போர்வை காய்ந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை காசு போட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழுக்கே இல்லாத துணியை எடுத்துக்கொண்டு போனேன். (கீழே வருவதில் பாதி அவள் சொன்னது, பாதி நான் சேர்த்தது. எது எதென்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துபோய்விட்டது.)

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"டோக்கியோ மாநகரின் மழை கவிந்த மாலையொன்றில், தனிமையின் நிழலில் அமர்ந்திருந்த ஓவியர் குராமோச்சி மிசாவோவின் விழிகளில்..."

வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

"வீரன் கண் விழித்தான். அவனுக்குப் பெயர் இல்லை." இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிசாவோ தன் முதல் அத்தியாயத்தில் எழுதியது. ஒரே வீட்டில் எத்தனை தடவைதான் திருடுவது?

ஆகவே நேராகவே சொல்கிறேன். துணி துவைக்கிற கடையில் பார்த்த அந்த மைக் கறைப் பெண்தான் மிசாவோ. நாற்பத்து மூன்று வயது. மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைவது தொழில். இதுவரை இரண்டு தொடர், இரண்டுமே பத்தாவது வாரத்தில் நின்றுபோயின. அந்த வாரப் பத்திரிகையின் வழக்கம் அப்படி. இதழுக்குள் ஓர் அஞ்சலட்டை இருக்கும். பிடித்த மூன்று தொடர்களை வாசகர்கள் எழுதிப் போடுவார்கள். அடிவரிசையில் கிடக்கிற தொடருக்குப் பத்து வாரம்தான் ஆயுசு. மூன்றாவது தொடரும் வெட்டுப்பட்டால் மிசாவோவுக்கு அந்தப் பத்திரிகையின் கதவு சாத்தப்பட்டுவிடும். வேறு பத்திரிகைக்காரர்களும் அதே அட்டைக் கணக்கைத்தான் விசாரிப்பார்கள்.

இந்த முறை கைக்கு வந்தது சொந்தக் கதைகூட இல்லை. 'உப்புக் கோட்டை' என்ற முப்பது வருஷத்துப் பழைய வீடியோ கேம். ஊர் ஊராகப் போய், பூதங்களை அடித்து, கடைசியில் அரக்கனைக் கொன்று நாட்டை மீட்கிற விளையாட்டு. அதை மங்காத் தொடராக்க வேண்டும்.

அதில் வீரனுக்குப் பெயர் கிடையாது. விளையாடுகிறவர் நாலு எழுத்துக்குள் தாமே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒரு வார்த்தை பேசவும் மாட்டான். நீங்கள்தானே அவன்? உங்களுக்காக அவன் எப்படிப் பேசுவான்?

விளையாட்டில் இது சொர்க்கம். காகிதத்தில் இது பெரிய தலைவலி.

3

கேம் கம்பெனியின் கூட்ட அறை. மிசாவோ, அவளுடைய எடிட்டர் நெமோட்டோ, எதிரே ஹிருகாவா. விளையாட்டின் ஒவ்வொரு வரியையும் இளவயதில் எழுதியவர் இந்த ஹிருகாவா. இப்போது தலை நரைத்து, மங்காவில் விளையாட்டுக்கு விரோதமாக எதுவும் வந்துவிடாமல் காவல் காக்கிறார். அவர் முத்திரை குத்தாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது.

"வீரன் பேசக் கூடாது," என்றார்.

"ஒரு 'ம்' கூடவா?" என்று கேட்டாள் மிசாவோ.

"'ம்'னா சம்மதம். சம்மதமா இல்லையான்னு விளையாடுறவங்கதான் சொல்லணும்."

நெமோட்டோ குறுக்கே வந்தான். "பேராவது வச்சுக்கலாமே, ஹிருகாவா சான்?" ('சான்' நம் ஊர் 'சார்' மாதிரி; ஓவியரை அழைக்கிற 'சென்செய்' அதைவிட ஒரு படி மேல், வாத்தியார் மரியாதை.)

"நெமோட்டோ சான், சின்ன வயசுல நீங்க என்ன பேரு வச்சீங்க?"

நெமோட்டோவின் காது சிவந்தது. "ஆஆஆஆ."

"பல் வலியா?" என்றாள் மிசாவோ.

"இல்ல சென்செய், பேரே அதான். சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு ஒரே பட்டனை நாலு தடவை அமுக்கினேன். எங்க வகுப்புல பாதிப் பேரு அப்படித்தான். கடைசியில இளவரசி வந்து, 'ஆஆஆஆ, என்னை விட்டுப் போகாதே'ன்னு அழுவாங்க." கொஞ்சம் தயங்கினான். "நானும் அழுதேன்."

ஹிருகாவா சிரிக்கவில்லை. "பாத்தீங்களா? வேற பேரு வச்சா அந்த அழுகையை நான் இவர்கிட்டேருந்து பிடுங்கின மாதிரி."

இந்த மனுஷரை வெறுக்கவும் முடியவில்லையே என்று மிசாவோவுக்கு எரிச்சலாக வந்தது.

4

முதல் அத்தியாயத்தின் பென்சில் வரைவைப் பார்த்ததும் நெமோட்டோ திகைத்துவிட்டான். விளையாட்டில் இருப்பது போலவே வரைந்திருந்தாள். வீரன் கேட்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான், இழுப்பறையைத் திறக்கிறான், பானையைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான், உள்ளேயிருந்த மூலிகையை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியேறுகிறான்.

"சென்செய், இவன் நாட்டைக் காப்பாத்த வந்தவனா, வீடு புகுந்து கொள்ளையடிக்கிறவனா?"

"கேம்ல அப்படித்தானே இருக்கு."

"கேம்ல வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே!"

"இதுலயும் ஒண்ணும் சொல்லலை. அதான் இன்னும் பயங்கரமா இருக்கு."

பத்தொன்பது தொடர்களில் பதினேழாவது இடம்.

ஆனால் அட்டைகளில் ஒரு விநோதம். பிடித்த பாத்திரம் யார் என்ற கேள்விக்கு நிறையப் பேர் வீரனையும் எழுதவில்லை, இளவரசியையும் எழுதவில்லை. 'வாசல்காரன்' என்று எழுதியிருந்தார்கள். விளையாட்டில் கடைசி ஊரின் வாசலில் ஈட்டியோடு நிற்கிற ஆள். எத்தனை தடவை போய்ப் பேசினாலும் ஒரே வரிதான் சொல்வான்: "இதுக்கு மேல ஊர் கிடையாது. சாப்பிட்டுட்டுப் போ."

ஊர்க்காரர்கள் விளையாட்டில் சொன்னதை மட்டுமே சொல்லலாம் என்பதும் ஹிருகாவாவின் சட்டம். வேறு வழியில்லாமல் மூன்றாவது அத்தியாயத்தில் மிசாவோ அவனை நாலு தடவை அதே வரியைச் சொல்ல வைத்தாள். வீரன் காட்டுக்குப் போய் உதைபட்டுத் திரும்புவான். "சாப்பிட்டுட்டுப் போ." மறுபடி போய் உதைபட்டு வருவான். "சாப்பிட்டுட்டுப் போ." பதினாறாவது இடம்.*

* அந்த வரி எப்படி வந்தது என்று மிசாவோ ஒருநாள் ஹிருகாவாவைக் கேட்டாள். "அப்பல்லாம் மெமரியில இடம் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். அதை எழுதுறப்போ எனக்கு நல்ல பசி," என்றாராம். ஆழமான பொருள் தேடி நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

5

இந்த இடத்தில் எனக்கு நெமோட்டோ மேல் சந்தேகம் வந்துவிட்டது. அளவுக்கு மீறி நல்லவனாகத் தெரிகிறான். எடிட்டர் என்றால் கொஞ்சம் நகமும் பல்லும் வேண்டாமா? ஆகையால் ஏழாவது வாரத்தில் அவன் காப்பிக் கடைக்கு வந்து, மிசாவோவின் முகத்தைப் பார்க்காமல் சர்க்கரைப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே இதைச் சொல்லட்டும்:

"பதினஞ்சாவது இடத்துக்குள்ள வரலைன்னா பத்தாவது வாரத்தோட முடிச்சிடச் சொல்லிட்டாங்க. வீரன் பேசணும், சென்செய். ஒரே ஒரு வார்த்தை போதும்."

"ஹிருகாவா சான்?"

"நீங்க வரைஞ்சு அனுப்புங்க. வசனம் எழுதுற பலூனைப் பாத்தா அவரே ஏதாவது வரி தருவாரு."

(சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நகமும் பல்லும் என்றுதானே பேச்சு.)

எட்டாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். அரக்கனிடம் போவதற்கு முன்னால் வீரன் வாசல்காரன் எதிரில் நிற்கிறான். முதல் தடவையாக வாயைத் திறக்கிறான். தலைக்கு மேலே பெரிய பலூன். மிசாவோ அதற்குள் பென்சிலால் 'பயமாயிருக்கு' என்று எழுதி அழித்தாள். 'நன்றி' என்று எழுதி அழித்தாள். 'என்ன சாப்பாடு?' என்றுகூட எழுதிப் பார்த்தாள். பதினோரு தடவை அழித்ததில் காகிதம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், ஹிருகாவா எதைத் தருகிறாரோ தரட்டும் என்று காலியாகவே அனுப்பினாள்.

அடுத்து நடந்தது அந்த ஊர் ஆட்களால் மட்டுமே முடிகிற காரியம். ஹிருகாவா காலி பலூனைப் பார்த்தார். 'பேசவில்லை, நல்லது' என்று முத்திரை குத்தினார். நெமோட்டோ அந்த முத்திரையைப் பார்த்தான். 'ஹிருகாவா சான் வசனத்தை முடிவு பண்ணிவிட்டார், அச்சகத்துக்கே நேராகச் சொல்லியிருப்பார்' என்று தன் முத்திரையைக் குத்தினான். நெமோட்டோவுக்கு மேலே இருக்கிற பத்திரிகை ஆசிரியர் இரண்டு முத்திரையைப் பார்த்து மூன்றாவதைக் குத்தினார். மூன்று சிவப்பு முத்திரை விழுந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் எழுத்து இல்லையே' என்று கேட்க அச்சகத்தில் யாருக்கு நாக்கு எழும்?

திங்கட்கிழமை காலை, தெருமுனைக் கடையில் நின்று மிசாவோ பத்திரிகையைப் பிரித்தாள். வீரன் வாயைத் திறந்திருந்தான். பலூன் வெள்ளையாக இருந்தது. நாடு முழுக்க, எல்லாப் பிரதியிலும்.

6

மிசாவோவும் நெமோட்டோவும் பயத்தம்பருப்பு அல்வா மாதிரி ஒரு இனிப்பை வாங்கி (சிவப்புப் பயறு, தவறு என்னுடையது) ஹிருகாவா எதிரில் போய் இடுப்பு வளையக் குனிந்தார்கள்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் அவர். "அது அப்படித்தான்னு நெனச்சுத்தானே குத்தினேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க என்ன எழுதுறதா இருந்தீங்க, சென்செய்?"

"தெரியலை."

"எனக்கும் முப்பது வருஷமாத் தெரியலை," என்று சொல்லிவிட்டு இனிப்புப் பெட்டியைப் பிரித்தார்.

ஆனால் வியாழக்கிழமைக்குள் ஒன்பதாவது அத்தியாயம் கொடுத்தாக வேண்டும். காலி பலூனுக்கு வாசகர்கள் என்ன சொல்வார்கள் என்ற அட்டைகளோ அதற்கப்புறம்தான் வரும். காதில் விழாத வார்த்தைக்கு எப்படிப் பதில் வரைவது? மிசாவோ ஒரு பகல் முழுக்கப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வாசல்காரனை வரைந்தாள். அவனிடம் இருப்பது ஒரே வரி. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

7

முடிவுகள்.

அ) அட்டைகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. காலி பலூனை வெட்டி ஒட்டி, ஆளுக்கொரு வசனம் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது இடம்! — சர்க்கரை கூடிப்போயிற்று.

ஆ) பத்தாவது வாரத்தோடு தொடர் நிற்கிறது. மிசாவோ மைப் புட்டியை மூடி — இதை எழுதிவிட்டு அடுத்த சனிக்கிழமை அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இ) நெமோட்டோ வேலையை விட்டுவிட்டு, ஆஆஆஆ என்ற பெயரில்

போதும். இதுவரை உள்ளபடி நடந்தது இவ்வளவுதான்: போன சனிக்கிழமை அவள் துணியை மடித்துப் பையில் திணித்துக்கொண்டாள். "அட்டைங்க புதன்கிழமைதான் வரும்," என்றாள். போய்விட்டாள். இன்று செவ்வாய்.

அதனால், கண்ணுகளா, உங்களுக்கும் ஒரு பலூன் வைத்திருக்கிறேன். பென்சில் எடுங்கள். முன்னால் காடு, அதற்கப்பால் அரக்கன். பின்னால் நீங்கள் உடைத்த பானைகள். இவ்வளவு தூரம் வாயே திறக்காமல் வந்துவிட்டீர்கள். இப்போது திறந்திருக்கிறீர்கள்.

(                                        )

அழுகையோ, வசையோ, நாலு ஆவன்னாவோ, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஈட்டிக்காரன் கடைசிவரை கேட்டுக்கொள்வான். அப்புறம் சொல்வான்:

"இதுக்கு மேல ஊர் கிடையாது. சாப்பிட்டுட்டுப் போ."