பதினான்கு தடவை திறந்த மூடி

தட்டாம்பயறு ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள் வெங்கடேஸ்வரி. அது நசுங்காமல் வழுக்கித் தெறித்து கேஸ் அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. காலை ஏழரைக்கு ஸ்லோ குக்கரில் போட்ட பயறு. இப்போது மாலை ஆறேகால். பத்தே முக்கால் மணி நேரம் சூட்டில் கிடந்தும் பயறு ஒவ்வொன்றும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

பின்னால் அவள் கணவர் தனுஷ்கோடி டைரியோடு நின்றார். "முதல் நாள். வேகவில்லை" என்று எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார்.

வெங்கடேஸ்வரி அத்தனையையும் பிரஷர் குக்கருக்கு மாற்றினாள். ஐந்து விசில். டியூஷன் முடிந்து வந்த மகன் சதீஷ் தட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். டைரியில் அடுத்த வரியும் ஏறியது: "இரவு உணவு 8.40. தாமதத்துக்குக் காரணம், இயந்திரம்."

தனுஷ்கோடி ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். எல்லையைப் பார்த்ததில்லை, ஸ்டோர்ஸில் கிளார்க். போர்வையும் பூட்ஸும் எண்ணிக் கையெழுத்து வாங்குவதே வேலை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவில் அவர் நடந்து போனால், எதிரே வருகிறவர்களுக்கு நாடு பத்திரமாக இருப்பதாகத்தான் தோன்றும். ஓய்வுபெற்று வந்ததும் தெரு நலச் சங்கம் ஒன்றை ஆரம்பித்துச் செயலாளர் ஆனார். சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் ஐந்து பேர் பொறுப்பாளர்கள். பகல் முழுக்க அவர் வீட்டில்தான் இருந்தார். அதற்கு 'அலுவல்' என்று பெயர்.

வெங்கடேஸ்வரிக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. மடித்துக் கட்டிய துணிக்கட்டுகளை நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் எந்திரம் பதினோரு வருஷமாக அவள் கையில் இருந்தது. ஆள் உயரப் பீப்பாய். கதவைப் பூட்டினால் நேரம் முடிகிறவரை பூட்டியதுதான். நடுவில் திறக்க யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். வெந்து வருகிற ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது இன்சார்ஜ். பதினோரு வருஷமாக அவள் வேகவைத்ததற்கு ஒரு தூத்துக்குடிக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார்.

முதலாளி ஆல்வினுக்கு வயது முப்பது. வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து, தொழிலாளர்கள் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு எல்லோரையும் 'குடும்பம்' என்று மாற்றியவர். குடும்பத்துக்குப் பஞ்சப்படி மட்டும் மாறவில்லை. அவர்தான் கூப்பிட்டு, இன்சார்ஜ் வேலையை நீங்களே பாருங்க அக்கா, ஏழு மணிவரை இருக்கணும், சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க என்றார்.

அன்று பஸ்ஸில் அவள் டிக்கெட்டின் பின்பக்கம் தன் கையெழுத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

தனுஷ்கோடி மறுப்புச் சொல்லவில்லை. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லுகிறவர் இல்லை, பரிசீலிக்கிறவர். பரிசீலித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடு என்ற ஒரே ஒரு கேள்வியை வைத்தார். அதற்குத்தான் வெங்கடேஸ்வரி ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தாள். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் தானாக வெந்து, சூடாகவும் இருக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற வரி தனுஷ்கோடிக்கு மிகவும் பிடித்துப்போனது.

"ஒரு வாரம் டிரையல் பாப்போம் வெங்கடேசு," என்றார். "வெந்தா குக்கரும் இருக்கட்டும், அந்த வேலையும் இருக்கட்டும். வேகலைன்னா ரெண்டையும் திருப்பிருவோம்."

அப்படித்தான் ஒரு பெண்ணின் உத்தியோகம் தட்டாம்பயறின் கையில் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை துவரம்பருப்பு. பாதி கரைந்து பாதி முழித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஆட்டுக்கால். இது தோற்காது என்று அவள் நம்பினாள். மெதுவாக வேகவே பிறந்த சாமான் அது. அன்றைக்குப் பார்த்து தனுஷ்கோடியின் அக்கா பாண்டிசெல்வி வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தாள். எதேச்சையாக வந்ததாகச் சொன்னாள். தம்பி போன் போட்டு வரச்சொன்னதை அப்புறம் அவளே வாய்தவறிச் சொன்னாள். விசிலே அடிக்காத குக்கரில் வெந்ததா வேகலையா என்று யார் வந்து சொல்லுவார்கள் என்பது அவளுடைய சந்தேகம். தட்டில் விழுந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னும் செத்த நேரம் விட்டா எந்திரிச்சு மகாராஜபுரத்துக்கு நடந்தே போயிரும் போலிருக்கே," என்றாள்.

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. நடுவர்கள் சிரிப்பதில்லை. வெங்கடேஸ்வரி ஆட்டுக்காலை பிரஷர் குக்கருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். விசிலுக்காக அடுப்புக்கு முன்னால் நின்றாள். எந்திரம் பழுதா, நாம் தண்ணீர் கூட வைக்கிறோமா, ஊர் மின்சாரத்தில் வலு இல்லையா என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். குறை தன்னிடம்தான் இருக்கும் என்று ஆரம்பித்து, அங்கேயே முடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்ப வாட்ஸப் குழுவைப் பார்த்தாள். பேக்கிங்கில் இருக்கும் இருளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழுவில் தனுஷ்கோடி 'ஆய்வு: நான்காம் நாள்' என்று தலைப்புக் கொடுத்துப் படங்களாகப் போட்டிருந்தார். எட்டரைக்கு ஒன்று. எட்டே முக்காலுக்கு ஒன்று. ஒன்பதேகாலுக்கு எதிர்வீட்டுக்காரரோடு ஒன்று. எல்லாப் படத்திலும் அவருடைய இடது கையில், கொடியைப் பிடிக்கிற மாதிரி, கண்ணாடி மூடி. கீழே பாத்திரத்திலிருந்து ஆவி அத்தனையும் மேலே போய்க்கொண்டிருந்தது.

வெங்கடேஸ்வரி முந்தின நாட்களுக்கு விரலைத் தள்ளினாள். புதன்கிழமை மட்டும் பதினான்கு படம். ஒன்றில் பாண்டிசெல்வி கரண்டியைவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். மூடியை ஒரு தடவை தூக்கினால் போன சூடு திரும்ப அரை மணி நேரம் ஆகும் என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் அவள் படித்திருந்தாள். அந்தக் காகிதத்தை தனுஷ்கோடி பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்.

அவள் போனை இருளம்மாளிடம் நீட்டினாள். இருளம்மாள் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, சோற்றை ஒரு வாய் மென்று விழுங்கிய பிறகு பேசினாள்.

"யக்கா, அண்ணாச்சி அங்கனயேதான நிக்காக? அந்த மூடியத் தூக்குன நேரத்துக்கு அடுப்புல ரெண்டு குழம்பு வச்சு எறக்கியிருக்கலாமே."

வெங்கடேஸ்வரிக்குப் புரையேறியது. இத்தனை நாள் பரிசீலனையில், அக்காவோடு நடந்த போன் ஆலோசனையில், வத்திராயிருப்பிலிருந்து வந்த நடுவரிடத்தில் எவர் வாயிலும் வராத யோசனை அது. அவள் வாயிலும் வரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகக் கோபம் வந்த இடம்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினாள். மூடியைத் திறக்கவே கூடாது என்றாள். தனுஷ்கோடி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். டைரியிலும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை மூடிய குக்கரின் படமாக வந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மாலை வீட்டுக்கு வந்து மொச்சையை நசுக்கிப் பார்த்தாள். தோல் மட்டும் வெந்து, உள்ளே கல்.

"தொறந்தீங்களா?"

"தொறக்கல," என்றார் தனுஷ்கோடி. பிறகு, உண்மையை மறைக்காத மனிதர் என்ற முறையில், "தொடைச்சேன்" என்றார்.

"எதை?"

"மூடியத்தான். கண்ணாடி மூடி எதுக்கு வச்சிருக்கான்? பாக்கத்தான? ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியல. வெளிப்பக்கம் தொடச்சுப் பாத்தேன், போகல. அது உள்பக்கம்லா இருக்கு."

"எத்தனை தடவ?"

"படிய படியத் தொடைக்கணும்லா."

அவள் அவரையே பார்த்தாள். "நான் பதினோரு வருசமா அந்தப் பீப்பாய்க்கு முன்னால நிக்கேன். உள்ள என்ன நடக்குதுன்னு ஒருநா எட்டிப் பாத்தது இல்ல. வெந்துதான் வருது."

"அது கம்பெனி. இது குடும்பம்," என்றார் தனுஷ்கோடி.

சனிக்கிழமை அவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் வெங்கடேஸ்வரி குக்கரைத் துணிப்பையில் வைத்துக் கட்டினாள். ஊறிய மொச்சை ஒரு டப்பாவில், அரைத்த மசாலா இன்னொன்றில். பஸ்ஸில் ராஜபாளையம் வரை காலடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் ஆட்டோகிளேவ் அறையின் மூலையில், அட்டைகள் எழுதும் மேசைமேல் அதை வைத்து, மொச்சையும் மசாலாவும் கொட்டி, பிளக்கைச் சொருகி, குறைந்த சூடான 'லோ'வில் திருப்பினாள். எந்திரக் கதவில் மாட்டுகிற 'சுழற்சி நடக்கிறது, திறக்காதீர்' என்ற தகட்டில் ஒன்றைக் கழற்றி இதன்மேலும் சாய்த்து வைத்தாள்.

பத்து மணிக்கு போன் வந்தது. குக்கரைக் காணோம் என்றார் தனுஷ்கோடி. திருட்டு என்றே முடிவுகட்டியிருந்தார். சங்கத் தலைவருக்கும் தகவல் போயிருந்தது. டிரையலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பகல் முழுக்கப் பேக்கிங் பெண்கள் ஏதோ வாசம் வருகிறது என்று ஒரு சாக்கு வைத்து எட்டிப் பார்த்தார்கள். தகட்டைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று மணிக்கு ஆல்வினே வந்தார். என்ன புது மெஷினா அக்கா என்று கேட்டபடி மூடிமேல் கையைக் கொண்டுபோனவர், எழுத்தைப் பார்த்ததும் கையை இழுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தன் சொந்தக் கம்பெனியின் தகடு அல்லவா. இருளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஐந்தரைக்கு வெங்கடேஸ்வரி மூடியைத் தூக்கினாள். ஒரு மொச்சையை எடுத்து விரலிடுக்கில் வைத்தாள். அழுத்த வேண்டியிருக்கவில்லை. அது விரலில் மாவாகப் படிந்தது.

அவள் சூடு மட்டும் ஆறாமல் காக்கும் 'வார்ம்' நிலைக்குத் திருப்பிவிட்டு, மாடியேறி ஆல்வின் அறைக்குப் போய்ச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தாள். ஏழு மணிக்கு இறங்கிய கடைசிக் கட்டின் அட்டையில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கோணலாக வந்தது. பஸ் டிக்கெட்டில் போட்டதே நன்றாக இருந்ததோ என்று நினைத்தாள்.

குழம்பு சிந்தாமல் இருக்க, கழிவில் ஒதுக்கிய பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்து இருளம்மாள் மூடியையும் பாத்திரத்தையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மண்டை உடைந்தவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

பஸ் புறப்பட்டதும் போன் அடித்தது.

"வெங்கடேசு, அக்காட்டயும் கலந்துட்டேன். சரிப்பட்டு வராது. ரிட்டர்ன் போட்டாச்சு. நாளைக்குக் காலைல எடுக்க ஆள் வாரான். நீ அதை எங்க வச்சிருந்தாலும் கொண்டாந்துரு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, பசியோடு, "எம்புட்டு நேரமாகும் வர?" என்றும் கேட்டார்.

"வாரேன்," என்று வைத்தாள்.

சொல்ல இருந்தது நிறைய. எங்கே ஆரம்பித்தாலும் அவர் டைரியை எடுப்பார்.

மடியில் பாத்திரத்தின் சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மசாலா வாசம் கட்டுத்துணி வழியாகக் கசிந்து முன் சீட்டுவரை போனது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ரொம்ப நேரமாக அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள என்னம்மா?"

"மொச்சைக் குழம்பு."

"வாசம் ஆளைத் தூக்குதே. வெந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் முடிச்சை நோக்கி விரலை நீட்டினாள். "லேசா அவுத்துக் காட்டு, பாப்போம்."

வெங்கடேஸ்வரி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மூடியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். சூடு சுட்டது. கையை எடுக்கவில்லை.