அந்தோனியாரின் துப்பாக்கி

றொக்சனின் முனைவர் பட்டம் ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 1911இல் ஓர் அமெரிக்க மாத இதழின் கதைக்காக எல்லோரும் மறந்துபோன ஓர் ஓவியர் வரைந்த எண்ணெய்வண்ணப் படம். மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒருவன், தோளில் துப்பாக்கியும் கையில் குழந்தையுமாகப் பனிக்குள் நடந்து வருகிறான். குழந்தையின் ஒரு காலில் மட்டும் சப்பாத்து. இதழில் அச்சானது றொக்சனிடம் இருந்தது. கையால் வரைந்த மூலப் படத்தைத்தான் காணவில்லை. அச்சானதும் மூலத்தைத் தூக்கி வீசிய காலம் அது.

அந்த ஓவியரின் மூலப் படம் ஒன்றாவது இல்லாமல் அவரைப் பற்றிய ஆய்வை ஏற்க முடியாது என்று பேராசிரியர் இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டார். கடைசித் தவணை வெள்ளிக்கிழமை. உலகத்தில் அந்த ஓவியரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த ஓவியர், அவர் செத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமை றொக்சன் தேடுவதைக் கைவிட்டான். ஆய்வைச் சாட்டி நாலு வருடமாகப் போகாமலிருந்த மாக்கிரட் மாமி வீட்டுக்கு, நகரின் மறுபக்கம் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு, சாப்பாடாவது கிடைக்கும் என்று போனான்.

ஹோல் சுவரில் அந்தோனியார் இருந்தார். மண்ணிற அங்கி, தலையைச் சுற்றிப் பொன்வட்டம், தோளில் நீளமான லீலிப்பூ, கையில் குழந்தை யேசு. குழந்தை யேசுவுக்கு ஒரு சப்பாத்து.

"மாமி, இது எங்கால எடுத்தனீங்கள்?"

"யூலை முதலாந் திகதி ஊரே வீடு மாறேக்க ஆரோ ரோட்டில வைச்சிட்டுப் போட்டாங்கள். அந்தோனியாரைக் குப்பைக்குள்ள போடுற சனம், தம்பி."

"அப்ப அவரிட்டத் துவக்கு இருந்திருக்குமே?"

"ஓம், வெள்ளைக்காரன் கீறினால் அப்பிடித்தான். கராஜ் வைச்சிருக்கிற பத்திநாதர் அண்ணை அதை லீலியும் கோட்டை அங்கியுமாக்கித் தந்தவர். காருக்கு அடிக்கிற பெயின்ற். சுரண்டினாலும் போகாது."

"கீழ் மூலையில ஒரு பேர்?"

"பிறேமுக்குள்ள கொள்ளேல்லை. வெட்டி எறிஞ்சாச்சு."

"சப்பாத்து?"

"யேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடேக்க மற்றது விழுந்திருக்கும். பங்குச் சுவாமி படத்தை மந்திரிச்சும் தந்தவர்."

றொக்சன் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினான். தேத்தண்ணி ஆறுமுன் பதில் வந்தது. அருமையான பக்திப் படம். ஆனால் கையொப்பம் இல்லை. ஒற்றைச் சப்பாத்தை இதழைப் பார்த்து எவரும் வரைந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை சந்திப்போம்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார் மாமி. "நீ தேடுறதாப் போனில சொன்ன படம் கிடைக்கவேணும் எண்டு ரெண்டு வருசமா ஒவ்வொரு செவ்வாயும் இவருக்குத்தான் மெழுகுதிரி கொளுத்துறன். துலைஞ்சதை எடுத்துத் தாறதில இவரை விட்டால் ஆளில்லை. கிடைச்சுதோ?"

றொக்சன் படத்தைப் பார்த்தான். இரண்டு வருடப் புகையில் குழந்தையின் முகம் கறுத்து, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை.

"ஓம் மாமி. கிடைச்சிட்டுது."

"நான் சொன்னனான்தானே."

மாமி நன்றிக்கென்று உள்ளதில் பெரிய மெழுகுதிரியாக எடுத்து, படத்துக்கு இன்னும் கிட்ட வைத்தார். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது றொக்சன்தான்.