நானூற்று எண்பதாவது சங்கிலி

என் தம்பி எங்கே பிறந்தான் என்று கண்டுபிடிக்க இரண்டு ஊர்க்காரர்கள் ஆறு மைல் தூரம் சங்கிலி பிடித்து நடந்தார்கள். ராணி பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படி ஒரு மரியாதை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது 1885. அந்தக் கோடையில்தான் லண்டன் கால்பந்துச் சங்கத்தார் மனசு இளகி, ஆடுகிறவன் சம்பளம் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்னால் யாரும் வாங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் பூட்ஸுக்குள் ஏதோ கிடக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இனிமேல் அதை வெளிச்சத்தில் வாங்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெரிய மனிதர்களுக்கு எதையும் முழுசாகக் கொடுத்துப் பழக்கமில்லையே, ஒரு முடிச்சுப் போட்டார்கள். சம்பளக்காரன் கோப்பைப் போட்டியில் இறங்க வேண்டுமானால், கிளப்பின் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரண்டு வருஷமும் அந்த ஆறு மைலுக்குள் குடியிருந்திருக்க வேண்டும்.

என் தம்பி ஏபல் பில்லிங்குக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தவனை மார்ல்டன் கிளப் வலது ஓரத்தில் ஓடுவதற்கு எடுத்துக்கொண்டது. குவாரியிலிருந்து நின்றுவிட்டான். பந்தைக் காலில் வாங்கிவிட்டால் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், எதிராளிக்கு அதைப் பார்த்தே பாதி உயிர் போய்விடும். குடியிருந்த கணக்கு அவனுக்கு உதவவில்லை, ஏனென்றால் நடுவில் ஒன்றரை வருஷம் யார்க்ஷயருக்குக் கல் உடைக்கப் போயிருந்தான். பிறந்த இடம்தான் ஒரே வழி. அவன் பிறந்ததோ ஹேக்கிள் கிராமத்தில், மலைமேல், எங்கள் வீட்டில். மார்ல்டனிலிருந்து ஹேக்கிள் ஆறு மைல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆறுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்கும் அவசியம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

முதல் சுற்றில் எங்களுக்கு எதிராக விழுந்தது ப்ரூக்ஃபோர்ட் கிளப். ஏபலைக் கண்டு அவர்களுக்கு உதறல். புகார் எழுதினார்கள். இரண்டு கிளப்பும் உட்கார்ந்து பேசி, சாலை வழியாக அளந்து பார்ப்பது, தாண்டினால் ஏபல் இறங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எங்கள் கிளப் காரியதரிசி டக்வொர்த் நல்ல மனிதர்தான், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். கோப்பைக்கு ஆகாத ஆளை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது, அளவு தப்பினால் திங்கட்கிழமை சுத்தியலைத் தேடி எடுத்துக்கொள் என்று ஏபலிடம் சொல்லிவிட்டார். அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உருளைக்கிழங்குப் பணியாரத்தை ஒதுக்கி வைத்த ஏபலை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எங்கள் அம்மா ஜெமைமா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு உலகமே மெதடிஸ்ட் சபைதான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள். ஓய்வு நாளில் ஊசியைக்கூடத் தொட மாட்டாள். விளையாட்டு அவளுக்குப் பிடிக்காது, அதற்குச் சம்பளம் என்றால் இன்னும் பிடிக்காது. அதிலும் ஒரு வினோதம் உண்டு. தெருவில் மற்றப் பிள்ளைகள் கல்லை எத்தினால் அதட்டுவாள். ஏபல் எத்தினால் மட்டும் அதட்டாமல் முகம் வெளுத்து உள்ளே போய்விடுவாள். அது ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் மார்ல்டன் மைதானத்தில் அளவு தொடங்கியது. இருபத்திரண்டு கஜச் சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல், ஆக நானூற்று எண்பதுக்குள் எங்கள் வீடு வர வேண்டும். இரண்டு பேர் சங்கிலியை இழுத்துப் பிடிக்க, ஒருவர் இரும்பு முளை குத்த, பின்னால் ஒரு கூட்டம் ஒவ்வொரு எண்ணையும் கத்திக்கொண்டே வந்தது. நான் பள்ளத்தாக்கு மில்லில் நாலு தறி பார்க்கிறவள். ஒரு மணிக்குச் சங்கு ஊதி நாங்கள் வாசலுக்கு வந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு போய்க்கொண்டிருந்தது. மில்லே திரண்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் போடுகிற இரும்பு லாடம் அடித்த மரச்செருப்புகள் தடதடக்க, அவர்கள் பின்னால் போனது. தூறல் வேறு. கல்யாண ஊர்வலத்தில்கூட இவ்வளவு சத்தம் இருக்காது.

ப்ரூக்ஃபோர்ட் சார்பில் வந்தவர் க்ரிம்ஷா என்கிற வக்கீல் குமாஸ்தா. ஒல்லியான ஆள், எலுமிச்சம்பழத்தைக் கடித்த வாய். ஏபலுக்குப் புகையிலை கொடுத்து, தோளில் கை போட்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். என் தம்பியின் கால்களில் இருக்கிற புத்தியில் பாதி அவன் தலையில் கிடையாது. அம்மாவைப் பற்றிச் சொன்னான், அப்பாவைப் பற்றிச் சொன்னான், தான் பின்னறைக் கட்டிலில் பிறந்த கதையையும் பெருமையாகச் சொன்னான்.

ஹேக்கிளுக்கு ஏறும்போது நானூற்று அறுபது. எண்ணுகிறவர்களின் குரல் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் குதிரைத் தண்ணீர்த் தொட்டி அருகில் நானூற்று எழுபத்தொன்பதாவது முளை விழுந்தது. கடைசிச் சங்கிலியைத் தெருவின் குறுக்கே இழுத்தார்கள். அம்மா அப்போதுதான் வாசற்படிக்கு வெள்ளைக்கல் தேய்த்து முடித்திருந்தாள். காலைத் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். சங்கிலி வாசற்படியைத் தாண்டியது, முன்னறைக்குள் நுழைந்தது, அடுப்பைக் கடந்தது, பின்னறைச் சுவருக்கு அரை அடி முன்னால் நின்றது. கல் தரையில் முளை இறங்காததால் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள்.

வெளியே கூட்டம் தொப்பியைத் தூக்கி எறிந்தது. வீடு உள்ளே வந்துவிட்டதே! க்ரிம்ஷா கையை உயர்த்தினார்.

“வீடு உள்ளதான் இருக்கு. பையன் பொறந்தது வீட்லயா, ரூம்லயா? பின்னறைக் கட்டில்லன்னு அவனே என்கிட்ட சொன்னான். கட்டில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

டக்வொர்த் கத்தினார், மேஜையைக் குத்தினார். ஆனால் விதியில் வீடு என்ற வார்த்தை இல்லை. பிறந்த இடம் என்றுதான் இருந்தது. ஏபல் அடுப்படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளில் குவாரிக் காய்ப்பு இன்னும் போகவில்லை. எனக்குச் சுவரை இடித்துத் தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது.

அப்போதுதான் அம்மா பேசினாள்.

“அவன் கட்டில்ல பொறக்கல. கோட்டுக்கு இந்தப் பக்கம், நீங்க நிக்கிற எடத்துலதான் பொறந்தான்.”

க்ரிம்ஷா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “இத்தனை வருஷம் கட்டில்னு சொல்லிட்டு, சங்கிலி வந்ததும் எடம் மாறுதாம்மா? பத்தடியில கட்டில வச்சுக்கிட்டு கல்லுத் தரையில எதுக்குப் பெத்தீங்க?”

அம்மா வாசலைப் பார்த்தாள். அங்கே ஜேபெஸ் நட்டல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சபையின் மூப்பர், முப்பது வருஷமாக அடுத்த வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்ததற்காக ஒருவனைச் சபையை விட்டே விலக்கி வைத்தவர். அவர் நிற்கும்போது வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

“ஆடிக்கிட்டிருந்தேன்” என்றாள் அம்மா.

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

“மரச்செருப்பப் போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம். அவங்கப்பாவும் கெசியாவும் சபைக்குப் போயிருந்தாங்க. திரைய இழுத்து விட்டுட்டு அடுப்புக்கு முன்னாடி ஆடினேன். வலி புடிச்சுது. பத்தடி போக முடியல. புள்ளைய நானே எடுத்து, தரையையும் கழுவிட்டு, அப்புறம்தான் கட்டில்ல போய்ப் படுத்தேன்.”

கெசியா நான்தான். எனக்கு அப்போது நாலு வயது. சபை முடிந்து வந்தபோது தம்பி கட்டிலில் அம்மா பக்கத்தில் கிடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மா ஆடுவாள் என்பதே எனக்குப் புதுசு. கல்யாணத்துக்கு முன்னால் சந்தைக்குச் சந்தை மரச்செருப்பு ஆட்டத்தில் ஜெயித்தவளாம். ஆட்டம் பாவம் என்று சபையில் சேர்ந்தபோது விட்டுவிட்டாளாம். நிறைமாசத்தில், ஒரே ஒரு சாயங்காலம், கால் கேட்கவில்லை. பொய் சொல்கிறவள் இவ்வளவு அவமானமான பொய்யைத் தேர்ந்தெடுப்பாளா? ஆனாலும் க்ரிம்ஷா விடவில்லை. பார்த்த சாட்சி உண்டா என்று கேட்டார்.

நட்டல் மெதுவாக உள்ளே வந்தார். அம்மாவின் பெயரைச் சபைப் புத்தகத்திலிருந்து இப்போதே அடித்துவிடுவார் என்று நினைத்து நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். என்னை லேசாக விலக்கினார்.

“பாக்கல. கேட்டேன்” என்றார். “அன்னிக்குப் பல்வலின்னு சொல்லிட்டு நான் சபைக்குப் போகல. பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. பிரசங்கம் ரெண்டு மணி நேரம். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். மொதல்ல ஆட்டம் கேட்டுது, பின்னாலயே பையன் அழுதான்.”

“இருபத்துமூணு வருஷம் கழிச்சு, கேட்டது ஆட்டச் சத்தந்தான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் க்ரிம்ஷா.

நட்டல் கைத்தடியைத் தூக்கி எங்கள் கல் தரையில் தட்டினார். டக்கு டக்கு டக்கு, ஒரு இடைவெளி, மறுபடி வேகமாக நாலு. தறி ஓடுகிற கணக்கு அது, ஆனால் எந்தத் தறியும் அப்படிக் குதிக்காது. ஒரு தாளம் பிசகவில்லை அந்த மனிதருக்கு. அத்தனை வருஷம் அதை வெளியே விடாமல் மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

அம்மாவின் வலது கால் அசைந்தது. அவளைக் கேட்டு அசையவில்லை, அதற்கு நான் சாட்சி. பிறகு இடது கால். பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டாள். நாற்பத்தொன்பது வயது, இடுப்புப் பிடிப்பு, தலையில் சபைக்குப் போகிற கறுப்புத் தொப்பி. மரச்செருப்பின் இரும்பு லாடம் கல்லில் பொறி தட்ட, தோளுக்கு மேலே ஒன்றும் அசையாமல், முழங்காலுக்குக் கீழே மட்டும் பிசாசு பிடித்த மாதிரி ஆடினாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பந்து காலுக்கு வந்ததும் ஏபலுக்கு வருவது. நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

மில்லுப் பெண்கள் தெருவில் நின்றே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு ஜோடி மரச்செருப்பு. க்ரிம்ஷாவின் கால்கூடத் தட்டியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஆட்டம் முடிந்ததும் காகிதத்தை எடுத்து, பிறந்த இடம் அடுப்புக்கு முன்னால், கோட்டுக்கு உள்ளே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் வெளியே போன பிறகு ஏபல் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

“இத ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?”

அம்மாவுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. “நான் செஞ்ச பாவந்தான் உன் கால்ல ஏறியிருக்குன்னு நெனச்சேன்டா. நீ கல்ல எத்துறப்பல்லாம் கடவுள் எனக்கு ஞாபகப்படுத்துறாருன்னு நெனச்சேன்.”

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

“அப்படின்னா இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருக்கலாமேம்மா. எடது கால் எனக்குச் சரியாவே வரல.”

அம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நட்டல் எழுந்து நின்று, சகோதரி பில்லிங்கின் குற்றத்தையும் தன் பல்வலியையும் தானே அறிவித்தார். இரண்டு பேருக்கும் மூன்று மாதம் பின்வரிசை. அம்மா கழுத்து விறைக்க, ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரிப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ப்ரூக்ஃபோர்ட் ஆட்டம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மார்ல்டன் மைதானத்துக்கு வந்தாள், கறுப்புத் தொப்பியோடு, கூட்டத்தில் இடித்துப் பிடித்து முன்வரிசைக்கு. ஏபல் முதல் கோலைப் போட்டான். அவர்கள் ஒன்று திருப்பினார்கள். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, காலியான கோலுக்கு முன்னால் அவனுடைய இடது காலுக்குப் பந்து வந்தது. கோல்கம்பத்துக்கு ஒரு ஆள் உயரம் மேலே அடித்தான்.

ஆறாயிரம் பேர் ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு கரிக்காரன், இவனுக்கெல்லாம் சம்பளமா என்று கத்தினான். அம்மா திரும்பினாள். ஞாயிறு பள்ளியில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அவளுடையது.

“அவனத் திட்டாதீங்க. அந்தக் காலு என் தப்பு.”

பிறகு மைதானத்தைப் பார்த்துத் திரும்பி, “டேய் ஏபல், வலது காலுக்கு மாத்திக்கடா” என்றாள். அவனுக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அடுத்த பந்தை அவன் வலது காலுக்குத்தான் மாற்றிக்கொண்டான், இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் ஜெயித்தோம், அந்தக் கரிக்காரன் என் அம்மாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.