கேன் வராத வரைவுகள்

1

இந்தக் கதை எங்கள் பால்கனியில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனிலிருந்து பிறந்தது. முதல் இரண்டு வரைவுகளில் அந்தக் கேன் வரவே இல்லை. அதை எழுதினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும், அதனால்தான். வெட்கமாக இருக்கிறது, வாசகரே. இது நான்காவது வரைவு.

2

முதல் வரைவு கட்டுரை மாதிரி தொடங்கியது:

"வீட்டுக்கு நம்பகமான ஏசி மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வேலை முடிந்ததும் அவர் சொல்வதைக் காது கொடு—"

அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டாவதில் மெக்கானிக்குக் குடிப்பழக்கம் வைத்தேன். உண்மையில் அவர் நாங்கள் கொடுத்த டீயைக்கூட வேண்டாமென்றவர்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம், பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்துகூடக் காற்று வராத வாரம். வேம்புலி என்ற மெக்கானிக் வந்து* ஏசியைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அதிலிருந்து வடியும் தண்ணீரை வீடு துடைக்கப் பிடிப்பதற்காக, வெளிக்குழாயை நான் கேனுக்குள் அடிவரை செருகி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டார்.

"சார், பைப்ப உள்ளாற முக்காதீங்க. முனை தண்ணில முயுகிச்சின்னா காத்து போவ வயி இருக்காது. அப்பால தண்ணி ரிட்டன் வந்து ஊட்டுக்குள்ள கொட்டும்."

அவரே குழாயை வெளியே எடுத்து விட்டார். அவர் படியிறங்கியதும் நான் பழையபடி செருகினேன். எனக்குத் தெரியாததா?

(* எழுத்தில்தான் இந்த 'அவர்', 'வந்தார்' எல்லாம். நேரில் 'வாப்பா, போப்பா'தான். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட.)

4

இரண்டாம் நாள் கட்டிலில் தண்ணீர் சொட்டியது. வீடியோ எடுத்து, அவர் பெயரும் எண்ணும் சேர்த்து, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறுபத்து நான்கு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: 'இந்த ஆளை யாரும் கூப்பிடாதீர்கள். அரைகுறை வேலை.'

எல்லா வீட்டு ஏசிக்கும் வருடம் முழுக்க ஒரே ஆளை அமர்த்த அப்போது சங்கத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பட்டியலில் முதலில் இருந்தவர் வேம்புலி. செயலாளர் மோகன் அன்றே அவர் பெயரை அடித்துவிட்டு, உள்ளே விடக் கூடாதென்று கேட் காவலாளியிடமும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கனிமொழி கேனிலிருந்து குழாயை உருவினாள். அரை மணி நேரத்தில் சொட்டுவது நின்றது.

"அவர் சொன்னாருல்ல? குரூப்ல போட்டுடுங்க."

"போடறேன்."

[மூன்றாம் வரைவில் கேன் வந்தது. ஆனால் குழாயைச் செருகியது கனிமொழி. படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தாள்.]

5

மறுநாள் வேம்புலியே போன் செய்தார்.

"சார், கேட்டாண்ட நிக்கிறேன். உள்ள உடமாட்டேன்றாங்கோ. நா இன்னா தப்பு பண்ணேன் சார்? அந்தக் கேன பாத்தீங்களா?"

"மீட்டிங்ல இருக்கேன்," என்றேன்.

பால்கனியில்தான் இருந்தேன். அங்கிருந்து கேட் தெரியும். அவர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கருவிப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு போனார்.

6

முடிவு அ: குழுவில் உண்மையைப் போட்டுவிடு—

முடிவு ஆ: திருமழிசையில் அவர் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "உடுங்க சார்," என்கிறார். இருவர் கண்ணும் கலங்குகிறது. உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்துப்போய் இரண்டு பக்கம் எழுதினேன். திருமழிசைப் பக்கமே நான் போகவில்லை.

7

நாளை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். வேறு ஆளை முடிவு செய்யப்போகிறார்கள். அனுப்ப வேண்டிய செய்தி என் போனில் அடித்து வைத்தபடி இருக்கிறது: 'தண்ணீர் கசிந்தது என் தவறு. அவர் முன்பே எச்சரித்தார்.'

ஏழே வார்த்தை. குடியரசு தினத்தன்று அதே அறுபத்து நான்கு வீட்டாருக்கும் நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசியவன் நான். இந்த ஏழு வார்த்தைக்குக் கை வரமாட்டேன் என்கிறது. கதையைப் பத்திரிகைக்கு அனுப்ப மட்டும் ஒரு தயக்கமும் இல்லை.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாமென்று பார்த்தேன். நீங்கள் நல்லவர். உங்கள் வீட்டு ஏசிக்காவது அவரைக் கூப்பிடலாமென்று நினைப்பீர்கள். முடியாது. வேம்புலி என்பது அவர் பெயரல்ல. யார் மனமும் புண்படக் கூடாதென்று மாற்றிவிட்டேன். அவருடைய உண்மைப் பெயர் நான் குழுவில் போட்ட அந்த வீடியோவுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது.