கன்னத்தில் ஒதுக்கிய ஐஸ்

கட்டைவிரல் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. மங்கம்மா கையை எடுக்கவில்லை. எடுத்தால் வாய் திறந்துகொள்கிறது. புருஷனின் தலைமாட்டில் மண்டிபோட்டு, விறைத்துப்போவதற்குள் தாடையை மேலே தள்ளிப் பிடித்திருந்தாள். பரசுராமனின் உடலை ஆஸ்பத்திரி வேனிலிருந்து இப்போதுதான் இறக்கியிருந்தார்கள். வலது கன்னமும் கழுத்தும் வீங்கியது வீங்கியபடியே இருந்தன.

"வேட்டிய கிழிச்சிகினு வர இவ்ளோ நேரமாடா, திலீப்பு?"

மகன் துணிப்பட்டையை நீட்டினான். நாத்தனார் தேசம்மா அதை வாங்கித் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முடிந்தாள். வாயிலிருந்து அப்படியொரு வீச்சம்.

"உயிரோட இருக்க சொல்லோ இந்த வாய கட்டியிருக்கணும்," என்றாள் தேசம்மா. "ஒடம்பு பூரா சக்கரைய வச்சிகினு, திருட்டுத்தனமா மிட்டாயி. அண்ணியும் எவ்ளோதான் காவல் காக்கும்?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அந்தத் தெரு முழுக்க அந்தக் கதையைச் சொல்லிவைத்தவள் மங்கம்மாதான்.

பரசுராமன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன். விடிவதற்குள் ஐஸ் பார்களை மெஷினில் தள்ளி, படகுகளுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். பல் விளக்குவதென்றால் கருக்கிய புகையிலைப் பொடியை விரலால் இரண்டு தேய்ப்பு, அதுவும் ஞாபகம் இருந்தால். ஈறில் ரத்தம் வந்தது, துப்பினான். கடைவாய்ப்பல் ஆடியது, ஆடட்டும் என்றான். வலி தாங்காதபோது ஒரு ஐஸ் சில்லை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். அங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். மரத்துப்போகும், வேலை ஓடும்.

மாதாமாதம் மாத்திரை வாங்கப்போன இடத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. "வீட்ல என்னம்மா குடுக்கறீங்க?" என்று மங்கம்மாவைத்தான் கேட்டார்கள். அவள் சோற்றைப் பாதியாக்கினாள். டீயை நிறுத்தினாள். அப்படியும் இறங்கவில்லை. ஒருநாள் அவன் கன்னம் உப்ப, எதையோ சப்பிக்கொண்டே வாசலேறினான்.

"யோவ், வாயில இன்னா?"

"ஐஸுடி. பல்லு நோவுது."

"ஆ காட்டு."

காட்டினான். அதற்குள் கரைந்துவிட்டிருந்தது. வெறும் வாய்.

"மிட்டாய முழுங்கிட்டு எங்கிட்டயே ஐஸுன்றியா? திருட்டு நாக்குய்யா ஒனக்கு!" நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள்.

அன்றிலிருந்து சோறு இன்னும் குறைந்தது. "பசிக்குதுடி" என்பான். குண்டானைப் பார்ப்பான். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டான்.

முந்தாநாள் கழுத்து வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஒரு சின்ன வயசு டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார். எட்டு மாதத்தில் அந்த வாய்க்குள் பார்த்த முதல் டாக்டர்.

"ஈறு முழுக்க சீழும்மா. கழுத்து வரைக்கும் இறங்கிடுச்சு. பல்லை யார்கிட்டயும் காட்டலையா? சுகர் இருந்தா ஈறு சீக்கிரம் கெட்டுப்போகும். ஈறுல இப்படி சீழ் பிடிச்சிருந்தா சுகரும் அடங்காது."

"அப்போ மிட்டாயி துன்னதால இல்லியா?"

"மிட்டாயா? அவரால வாயையே மூட முடியலையேம்மா."

ஐஸ் பெட்டி வந்தது. பரசுராமனை உள்ளே வைத்து மூடினார்கள். மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் மங்கம்மா சட்டென்று திரும்பினாள். ச்சப். கன்னத்துக்குள் எதையோ இழுத்துச் சப்புகிற சத்தம். மறுபடியும், ச்சப்.

"திலீப்பு, கேட்டுச்சா?"

"மோட்டாருமா."

கரண்ட் போய் மோட்டார் நின்றது. அவளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"அவரு மிட்டாயி துன்னல," என்றாள் சத்தமாக. "வாயில இருந்தது ஐஸுதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

தேசம்மா மூக்கைச் சிந்தினாள்.

"பாருங்கடி, செத்தப்புறமும் புருஷன வுட்டுக்குடுக்காம பேசுது எங்க அண்ணி."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் யாரிடம் சொல்வது என்று மங்கம்மாவுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, வாய்க்கரிசிக்காகத் தாடைக்கட்டை அவிழ்த்தார்கள். வாய் மெல்லத் திறந்துகொண்டது. ஒவ்வொருத்தராகப் போட்டு முடித்தார்கள். கடைசியில் மங்கம்மா தட்டிலிருந்து கை நிறைய அரிசி அள்ளினாள். வாயருகே கொண்டுபோவதற்குள் விரல்கள் பழக்கத்தில் தாமாகத் தளர்ந்தன. பாதி அரிசி தட்டிலேயே உதிர்ந்தது.

"இன்னா அண்ணி, போற ஆளுக்குமா அளவு?" என்றாள் தேசம்மா.

மங்கம்மா கையில் நின்றதைப் போட்டாள். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லின் மேல் இரண்டு மணி ஒட்டிக்கொண்டது. வெளியே மேளம் அதிர்ந்தது. திலீப் வந்து தோளைத் தொட்டு, "எந்திரிமா, தூக்கணும்" என்றான்.

அவள் எழவில்லை. எட்டு மாதம் அரைவயிறுதான் போட்டிருந்தாள். மீதி அரைவயிற்றுச் சோறு, அவள் அவனுக்குத் தரவேண்டிய பாக்கி.