கேட்காத விசில்

காலையிலிருந்தே, 'பட்டறை' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த இசையமைப்பாளருக்குக் கழுத்து கடுத்தது. இடது காதுக்குள் வேறு குத்தல். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. தகரம் வளைக்கும் பட்டறையில் பதினான்கு வருடம் சுத்தியல் பிடித்தவர். சினிமாவுக்கு வந்த பிறகும் அந்தப் பேர்தான் நிலைத்தது.

அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து மின்னணு இசையில் பதினோரு படம் முடித்திருந்தார்கள். மாமன் இரும்பையும் தகரத்தையும் தட்டிப் பதிவுசெய்து, கணினியில் இழுத்து நீட்டி உறுமலாக்குவார். மச்சான் அதை ஒரு நாள் தன்னிடம் வைத்திருந்து, தாளம் சேர்த்து அனுப்புவான்.

இந்த முறை மச்சான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டான். இயக்குநரோ போன் மேல் போன். பட்டறை பொறுக்கமாட்டாமல் கடைசிக் காட்சி இசையை நேராக அனுப்பிவிட்டார். அரை மணியில் ஒலிக்கலவைக் கூடத்துக்கு வரச்சொல்லி அழைப்பு.

"என்னண்ணே, அடுப்புல குக்கரை வெச்சுட்டு மறந்துட்டீங்களா? காட்சி முழுக்க விசில் அடிக்குது," என்றார் ஒலிக்கலவை செய்பவர்.

"எங்கே விசில்? போடுங்க, கேப்போம்."

போட்டார். இயக்குநர் முகத்தைச் சுளித்தார். உதவி இயக்குநர் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பட்டறைக்குக் கேட்டது உறுமல் மட்டும்தான்.

"உங்க ஸ்பீக்கர்ல கோளாறு."

கலவைக்காரர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கனத்த ஒலியைக் கீழேயும் கீச்சொலியை மேலேயும் காட்டும் ஒலிப்படம். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி. பட்டறைக்கு வியர்த்தது. இத்தனை பேர் காதில் விழுவது தன் காதில் விழவில்லை என்றால், இனி இந்தத் தொழிலில் தனக்கு என்ன வேலை?

இசை நேராகப் போய்விட்டது என்று தெரிந்து, அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் வந்தான், கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறந்து. யாரையும் கேட்காமல் கணினி முன் உட்கார்ந்தான். நாலே தட்டலில் அந்தக் கோடு மறைந்தது. கை கொஞ்சமும் தயங்கவில்லை. பழகின கை. பட்டறை அதைக் கவனித்துவிட்டார்.

"எத்தனை நாளா இது?"

"விடுங்க மாமா."

"எத்தனை நாளாடா?"

"முதல் படத்துலேருந்து. கீச்சுன்னு மேல ஒலிக்கிறது உங்களுக்குக் கேக்காது மாமா. சொன்னா சுத்தியலைத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல உக்காந்துடுவீங்க. அப்புறம் உறுமலுக்கு நான் எங்க போறது?"

பட்டறைக்குச் சுர்ரென்று தலைக்கேறியது. "செவிட்டுப் பயன்னு பின்னாடி சிரிச்சுக்கிட்டிருந்தியா? உங்கக்கா சோறு போட்டு வளர்த்ததுக்கு நல்லாச் செஞ்சடா! ஏமாத்துக்காரப் பயலே!"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். மச்சான் கன்னத்தைப் பிடித்தபடி இசையை மறுபடி ஓடவிட்டான். முடிந்ததும் இயக்குநர் தலையாட்டினார்.

"இதுதான் வேணும். அடுத்த படமும் நீங்க ரெண்டு பேரும்தான். ஆனா தம்பி கை படாம எதுவும் வரக்கூடாது."

வெளியே படியிறங்கும்போது மச்சான்தான் முதலில் வாய் திறந்தான். "அடுத்ததுக்கு எதைத் தட்டலாம் மாமா?"

"பழைய தண்ணி டேங்க் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்," என்றார் பட்டறை. மேலே பேச வாய் எடுத்து, மூடிக்கொண்டு, வேகமாக முன்னால் நடந்தார்.

டேங்க் வந்தது, படம் தொடங்கியது, வேலை நடக்கிறது. மூன்று பேர் முன்னால் திட்டியதற்கு மச்சானிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் இன்னும் கேட்கவில்லை.