ஆளுக்குப் பன்னிரண்டு காத்தி

ஜெயபாலன் தன் பங்குக்கு வந்த முப்பது வீடுகளையும் மூன்றே நாளில் முடித்துவிட்டான் என்பதுதான் பத்மினிக்கு முதலில் உறுத்தியது. அவளுக்கு ஒன்பது நாள் பிடித்திருந்தது.

இருவரும் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு. அந்த வகுப்பில் மலாக்காக்காரர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். பத்மினியின் அப்பா ராஜரத்தினம் மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் பெரிய சாலையை ஒட்டிக் குடியிருந்த பள்ளி ஆசிரியர். ஜெயபாலனின் அப்பாவுக்குப் பக்கத்துத் தெங்கேராவில் சின்னத் தையல் கடை. கணக்குப் பக்கமே போக வேண்டாம் என்றுதான் இருவரும் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான், சமூகத் துறை மாணவர்களும் ஒரு தாள் கணிதம் எழுதியாக வேண்டும் என்று தெரிந்தது.

முதல் பருவம் முழுக்கப் பத்மினி அந்த வகுப்பில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். கோடு, வளைவு, சமன்பாடு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் பருவத்தில் புள்ளிவிவரம் வந்தபோதுதான் நிமிர்ந்தாள். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதைச் சுற்றி எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று பாருங்கள் என்றார் விரிவுரையாளர். அந்தச் சிதறலை அளப்பதற்குத் திட்ட விலக்கம் என்று ஒரு வழி இருந்தது. மனிதர்கள் வாயால் சொல்லாததை எண்கள் சொல்லிவிடும் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் அவளைவிட வேகமாக விலக்கம் கணக்கிட ஆளில்லை.

அது 1958. மலாயா விடுதலையடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நீண்ட விடுமுறையில் அவரவர் ஊரில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி வரவேண்டும் என்று விரிவுரையாளர் வேலை கொடுத்தார். பத்மினியும் ஜெயபாலனும் காஜா பெராங்கை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் நானூற்று இருபது வீடுகள். எல்லா வீட்டுக்கும் வரிசையாக எண் போட்டார்கள். எங்கே தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் மூன்று வந்தது. மூன்றாவது வீடு, அப்புறம் பத்தாவது, பதினேழாவது என்று ஏழு ஏழாகத் தாண்டி அறுபது வீடுகள். இரண்டே கேள்விகள். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? மாதத்துக்கு எத்தனை காத்தி அரிசி ஆகிறது? ஒரு காத்தி அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

அரிசிக் கேள்வி பத்மினியுடைய யோசனை. வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், சோற்றைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கு என்ன அவசியம் என்று அவள் வாதாடினாள். வீடுகளைப் பிரித்ததும் அவள்தான். சாலையோர வீடுகளும் வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டிமார் குடியிருப்பும் தனக்கு, பின்பக்கச் சந்துகளும் சாலைக் கூலிகளின் வரிசை வீடுகளான லயமும் ஜெயபாலனுக்கு. லயத்துப் பக்கம் அவள் பிறந்ததிலிருந்து காலெடுத்து வைத்ததில்லை. ஜெயபாலன் மறுபேச்சுப் பேசவில்லை.

அவள் போன வீடுகளிலேயே வரவேற்பு அவ்வளவு சுகமாக இல்லை. அந்த மாதங்களில் ஊரே குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தது. யார் புத்தகமும் கையுமாக வந்தாலும் ஆளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று பேச்சு. ஏன் பக்கத்து வீட்டை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏழாவது வீடு என்பதால் வந்தேன் என்றால் யாரும் நம்பவில்லை. யாரோ பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். செட்டி வீட்டில் கெபாயா என்ற மலாய்ச் சட்டை அணிந்த ஓர் அம்மாள் மலாயில் அவளுடைய குடும்பத்தைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்த பிறகுதான் அரிசிக் கணக்கைச் சொன்னார். சில வீடுகளுக்கு மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டவளிடம் ஜெயபாலன் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அவளுடையதில் மழைத் துளி பட்டு மை கலங்கியிருந்தது, அடித்தல் திருத்தல் நிறைய. அவனுடையது பள்ளிக்கூடக் கையெழுத்துப் பயிற்சி மாதிரி இருந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் உடனே சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான்.

அன்று மத்தியானம் பத்மினி கணக்குப் போட்டாள். அவள் வீடுகளில் ஆளுக்கு மாதம் சராசரி பன்னிரண்டரைக் காத்தி. அவன் வீடுகளில் பன்னிரண்டு. சராசரியில் குறை சொல்ல ஏதுமில்லை. விலக்கம் பார்த்தாள். அவளுடையது நாலு காத்திக்குக் கொஞ்சம் குறைவு. சில வீட்டில் ஆளுக்கு ஏழு, சில வீட்டில் பத்தொன்பது. அவனுடையது அரைக்காத்தி கூட இல்லை. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாற்பத்தெட்டு. ஐந்து பேர், அறுபது. ஏழு பேர், எண்பத்து நாலு. இரண்டே ஆண்கள் தங்கியிருந்த வீட்டில் இருபத்து நாலு. இங்கொன்றும் அங்கொன்றும் மட்டும் சற்றே பிசகி, முப்பத்தாறுக்குப் பதில் முப்பத்தைந்து, எழுபத்திரண்டுக்குப் பதில் எழுபத்து மூன்று என்று இருந்தன.

அந்தப் பிசகுகள்தான் அவளுடைய சந்தேகத்தை உறுதியாக்கின. பார்த்தவுடன் தெரியக்கூடாதென்று அவனே அங்கங்கே கூட்டிக் குறைத்து எழுதியிருக்கிறான் என்று முடிவு செய்தாள். தெங்கேரா கோப்பிக் கடையில் உட்கார்ந்து முப்பது வீட்டையும் எழுதி முடித்திருப்பான். பகலில் அவனை அங்கே பார்த்ததாக அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவன் வகுப்பில் அதிகம் பேசாதது, வீடு பிரித்தபோது எதிர்ப்புச் சொல்லாதது எல்லாமே இப்போது வேறு மாதிரித் தெரிந்தன.

அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று நினைத்தாள். மறுநாள் காலை, இரண்டு விலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஜெயபாலனின் எண்கள் வீடுகளிலிருந்து வந்தவை என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று விரிவுரையாளருக்குக் கடிதம் போட்டாள்.

தபாலில் போட்ட பிறகுதான் கையில் சாட்சி வேண்டும் என்று தோன்றியது. இரண்டு மணிக்குமேல் சாலை வேலைக்காரர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். மூன்று மணிக்கு லயத்துக்குள் போனாள். அவன் புத்தகத்தில் இருந்த முதல் வீடு பூங்காவனம் என்பவளுடையது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும்; தார் போடும் வேலை. தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. இங்கே ஓர் ஆள் வந்து எழுதிப் போனாரா என்று பத்மினி கேட்டாள்.

"வந்தாரு. காக்கி சிலுவாரு போட்டவரு. இந்தப் பெஞ்சியிலதான் ஒக்காந்து எழுதுனாரு. அதுக்கென்ன இப்போ?"

ஜெயபாலனிடம் இருந்த காக்கிக் கால்சட்டைதான் அது. நன்றி சொல்லிவிட்டுப் பத்மினி இன்னும் இரண்டு வீடு பார்த்தாள். அங்கேயும் வந்திருந்தான். எங்கே உட்கார்ந்தான், என்ன கேட்டான் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அரிசியைப் பற்றி அவள் கேட்டவுடன் எல்லா முகத்திலும் கதவைச் சாத்தியது போல இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு காத்தி என்றார்கள். ஒரே குரல், ஒரே வார்த்தை.

அவள் மறுபடி பூங்காவனத்தின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் இரண்டு சின்னக் குழந்தைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தன.

"அக்கா, இந்தப் பிள்ளைங்களும் ஆளுக்குப் பன்னெண்டு காத்தி சாப்பிடுதா?"

பூங்காவனம் அவளையே பார்த்தாள். "பன்னெண்டேழு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது பாப்பா. எம் மகதான் பெருக்கிச் சொன்னா," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. உடனே பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வந்தவர் தம்பிராஜா, அந்த லயத்துக்கு மண்டோர். கூலிகளை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். பத்மினியை வாத்தியார் மகள் என்று அடையாளம் கண்டுகொண்டார். அதனால் குரலை உயர்த்தவில்லை, ஆனால் அவள் போவதற்கு வழியும் விடவில்லை. யார் அனுப்பியது, பெயரைச் சொல் என்றார். பல்கலைக்கழகம் என்றாள்.

"யுனிவர்சிட்டிக்கு எங்க சோத்துப் பானையில என்ன வேலை?"

பத்மினி படிப்புக்காக என்றாள். அது அவள் காதுக்கே நொண்டிச் சாக்காகக் கேட்டது. அவர் பூங்காவனத்தின் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேச்சுக்கும் அவர் தலை நிமிரவில்லை. பூங்காவனத்தின் புருஷன் மருதமுத்து.

நடந்ததைத் தம்பிராஜா சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் கடுமையாக இருந்தபோது அரிசிக்குப் பங்கீடு. அளவுக்கு மேல் அரிசி வைத்திருந்தால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்கத்தான் என்று அர்த்தம். மருதமுத்து மகளின் காதுகுத்து விருந்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் காக்கி உடுப்பில் ஒருவர் புத்தகத்தோடு வந்து, வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று தன்மையாகக் கேட்டார். மருதமுத்து உள்ளதைச் சொன்னார். அடுத்த நாள் ஜீப் வந்தது. எட்டு மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்ததிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை.

அதனால்தான் ஜெயபாலனைப் பார்த்ததும் தம்பிராஜா வீடு வீடாக அவனுக்கு முன்னால் போயிருந்தார். அந்தக் காலத்துப் பங்கீட்டுக்கு ஒத்து வருகிற மாதிரி ஓர் அளவைச் சொல்லச் சொன்னார். பெருக்கத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள்.

"அந்தச் சட்டமெல்லாம் எடுத்தாச்சு ஐயா," என்றாள் பத்மினி.

"அன்னைக்கும் மொதல்ல சட்டம் இல்ல பாப்பா. ஒரு நாள் வந்துச்சு." அவர் நிதானமாகச் சொன்னார். "பாதிப் பேரு குடியுரிமைக்குப் பாரம் போட்டிருக்காங்க. லயத்து ஆளுங்க ஒண்ணா சேந்து பொய் சொன்னாங்கன்னு எங்கயும் எழுதிடாதீங்க."

எழுத மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். லயத்தை விட்டு வெளியே வந்ததும் நேராகத் தபால் நிலையத்துக்கு ஓடினாள். காலைக் கடிதங்கள் தம்பின் ஊர் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டன என்று சன்னலில் இருந்தவர் சொன்னார்.

அப்போதே தெங்கேராவுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று நாள் அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு காலையும் புறப்பட்டு, வாசல் வரை வந்து திரும்பினாள். நாலாம் நாள் ஜெயபாலனே வந்தான். வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சட்டைப் பையில் விரிவுரையாளரின் கடிதம் இருந்தது. பொய்க் கணக்கு எழுதியதாக வந்த புகாருக்கு ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டிருந்தார்.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் லயத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான். அவனுக்கும் பத்தாவது வீட்டிலேயே சந்தேகம் வந்திருந்தது. ஒருவர் தனக்கு முன்னால் வேகமாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசுவதைப் பார்த்தான். அதனால்தான் போன இடமெல்லாம் பதில் தயாராக இருந்தது, வேலையும் சீக்கிரம் முடிந்தது. ஆனால் அவர்கள் சொன்னதை எழுதுவதுதான் தன் வேலை, தானாக மாற்றி எழுதினால்தான் பொய் என்று நினைத்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பத்மினி கேட்டாள்.

"லயத்து வீடெல்லாம் எனக்குன்னு நீங்க ஒதுக்கினப்பவே, அங்க ஒண்ணும் சரியா வராதுன்னு நினைச்சிருப்பீங்கன்னு தோணுச்சு. அதையே நான் வந்து சொல்லணுமா?"

அவன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் நடந்ததை முழுக்க எழுத வேண்டும். எழுதினால், வீட்டு எண்ணோடு இருக்கும் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. லயத்தை எழுத வேண்டாம் என்று ஜெயபாலன்தான் முதலில் சொன்னான். தன் பெயருக்கு வந்ததைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

பத்மினி அன்றே உட்கார்ந்து எழுதினாள். ஜெயபாலன் வீடு வீடாகப் போனதைத் தானே நேரில் விசாரித்து உறுதி செய்ததாகவும், தன் புகார் தவறு என்றும், அரிசிக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது தான்தான், அச்சத்தோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது என்று தனக்குத் தெரியாமல் போயிற்று என்றும் எழுதினாள். வீட்டுப் பட்டியலைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

விரிவுரையாளர் பட்டியலைக் கேட்டு இரண்டு முறை எழுதினார். தர முடியாது என்று இரண்டு முறையும் பதில் போட்டாள். பட்டியல் இல்லாத கணக்கெடுப்பைச் சரிபார்க்க வழியில்லை, புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றதால் ஜெயபாலன் மீது நடவடிக்கை இல்லை என்று கடைசியில் மூன்று வரியில் கடிதம் வந்தது. அவன் அந்தத் தாளில் தேறினான். பட்டியலைத் தர மறுத்த பத்மினி செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டியிருந்தது. எழுதித் தேறினாள். ஏன் என்று அப்பா பலமுறை கேட்டும் அவள் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரில், கப்பல் துறைத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு வேலையில் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். ஜெயபாலன் மரியாதையாகத்தான் பழகினான். பழையதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அவன் கொண்டுவந்த ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி, நேரம், பதில் சொன்னவரின் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை இருந்தது. யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"சரி பாத்துக்குங்க," என்று அவளிடம் நீட்டினான்.

வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லி அவள் தாள்களை அப்படியே அடுக்கப் போனாள். அவன் நகரவில்லை. கடைசியில் அவள் உட்கார்ந்து, முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். அவள் முடிக்கும் வரை அவன் மேசையருகே நின்றுகொண்டிருந்தான்.